காலி, பார், அடை

இதை எழுத உட்காருவதற்கு முன் மூன்று முறை என்னையே கேட்டுக்கொண்டேன்: தப்பு என்னுடையதா? மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது. கொஞ்சம் என்னுடையதுதான். கொஞ்சம் என்றால் ஒரு சொல் அளவு. மிச்சமெல்லாம் மாமாவுடையது. ஆனால் அந்த மிச்சத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. என்னுடைய அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீடே சிரிக்கிறது. வீடு போதாதென்று இன்று காலை பஸ் நிறுத்தத்தில் பால்காரர் கேட்கிறார், "என்ன பாப்பா, இன்னைக்கு எதை அடைச்சீங்க?" அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்கவே வேண்டாம்.

அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். மாலை வகுப்பில் கட்டட வரைபடம் கற்கிறேன். அங்கே எங்களுக்கு முதல் நாளே சொன்னது, பார்த்ததை எழுது, நினைத்ததை அடைப்புக்குறிக்குள் போடு என்பது. முடிந்தவரை அப்படியே செய்கிறேன். கோபத்தை எதற்குள் போடுவது என்று அங்கே சொல்லித்தரவில்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர். அவர்கள் இருவரும் எங்களோடு வந்து தங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. வீடு அம்மாவுடையது. பஸ் நிறுத்தத்திலிருந்து வயல் வழியாக இருபது நிமிடம் நடக்க வேண்டும். முன்பக்கச் சுவர் மட்டும் பூசி வெள்ளையடித்தது, பின்பக்கம் வெறும் செங்கல். அப்பா முன்பக்கத்தை முடித்தார். பின்பக்கத்துக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். அதன் பிறகு அந்தச் சுவரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, மாமா வரும் வரை.

மாமாவுக்கு வீட்டைச் சீர்செய்வது என்பது ஒரு காய்ச்சல். குளிர்சாதனப் பெட்டிகள் விற்கும் கடையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்துவிடுவார். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இடுப்பில் கைவைத்து நின்று வீட்டை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை எங்கே விழுகிறதோ அங்கே அடுத்த வாரம் தூசு கிளம்பும்.

குளியலறைக் கதவை மாற்றினார். இப்போது அது வாளி வரைக்கும்தான் திறக்கும். அம்மா பக்கவாட்டில் நுழைகிறார். முற்றத்துக்கு சிமெண்ட் போட்டார். துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் வருடக்கணக்கில் குடியிருந்த தேரைகளுக்கு அதோடு வாசல் போயிற்று. அடுத்த மழைக்கு ஏழு தேரைகள் சிமெண்ட் நடுவில் உட்கார்ந்து, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தன. சன்னல்களுக்குக் கொசுவலை அடித்தார். நான்கு பல்லிகள் உள்ளே மாட்டிக்கொண்டன. சொன்னேன். "உள்ளயே இருந்தா கொசுவைத் தின்னும்ல?" என்றார். கொசு வராமலிருக்கத்தானே வலை என்றேன். அவர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

மோட்டார் அறைச் சுவரில் குளவிகள் போய்வந்த துளையை நுரை அடித்து மூடினார். அடுத்த வாரம் குளவி அவருடைய ஷூவுக்குள் மண்கூடு கட்டியது. அந்த ஒரு வாரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். (இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். உண்மைதானே, இருக்கட்டும்.)

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், பின்பக்கச் சுவரைப் பூசப் போகிறோம் என்று அவர் அறிவித்தபோது நான் சும்மா இருக்கவில்லை என்பதைக் காட்டத்தான்.

அந்தச் சுவரில் பத்து ஓட்டைகள் இருந்தன. சுவர் எழுப்பிய காலத்தில் சாரக் கம்புகளைச் சொருகுவதற்காக விட்டவை. மேலே ஐந்து, கீழே ஐந்து, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அகலம். பூச்சு வேலை திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏணி, டார்ச், அடிஸ்கேலின் நுனியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அக்காவின் சின்னக் கண்ணாடி. எட்டில் ஒன்றுமில்லை. ஒன்றில் கொஞ்சம் வைக்கோல் கிடந்தது. பழையதா, யாராவது இப்போதுதான் கொண்டுவந்ததா, தெரியவில்லை. மேல் வரிசையில் நாலாவது ஓட்டைக்குள் கண்ணாடியை நுழைத்தபோது அதில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

சின்ன ஆந்தை. என் உள்ளங்கையில் வைத்தால் கொஞ்சம் வெளியே வழியும், அவ்வளவுதான் அளவு. கண்ணாடியைப் பார்த்து அலகை டக், டக் என்று தட்டியது. நகரவில்லை. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன், வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக, உருண்டையாக, நான்கு முட்டைகள்.

"அந்தக் கண்ணாடி என்னோடது. கழுவிக் குடு," என்றாள் அக்கா கீழேயிருந்து.

பார்சல் அலுவலகத்தில் எனக்கு லேபிள் ஒட்டும் வேலை. எது எங்கே போக வேண்டும், எதைக் கவிழ்க்கக் கூடாது, எது உடையும் என்று ஒரு சொல்லில், தூரத்திலிருந்து பார்த்தாலே புரிகிற மாதிரி எழுத வேண்டும். இரண்டு வருடமாக ஒரு புகார் இல்லை. அதே நம்பிக்கையில் சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதினேன். ஒன்றுமில்லாத எட்டுக்கு: காலி. சந்தேகமான ஒன்றுக்கு: பார். ஆந்தை அடைகாக்கும் நாலாவது ஓட்டைக்கு: அடை.

எழுதி முடித்துக் கீழே இறங்கிப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

கொத்தனார் வருவது எட்டரைக்கு, நான் பஸ் பிடிப்பது எட்டுக்கு. அதனால் திங்கள் காலை மாமாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டு மேசையில் சுவர்ப்பூச்சு வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் ஈரச் சுவரில் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, காலின்னு எழுதினதை மூடிக்கலாம்."

"ம்."

"பார்னு எழுதினதைக் கொத்தனாரை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. உள்ள எதுவும் இல்லன்னா மூடிக்கலாம்."

"ம்."

"அடைன்னு எழுதினதைத் தொடவே கூடாது. ஆந்தை அடைகாக்குது. பொரிஞ்சு, குஞ்சு பறக்க ரெண்டு மாசம் ஆகும்."

அவர் தலையைத் தூக்கினார். "ரெண்டு மாசமா? ஒரு வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களே அவ்ளோ நாள் தங்க மாட்டாங்க."

(பதினான்கு மாதம். நான் சொல்லவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள்.)

இந்த ஜோக்தான் என்னுடைய சாட்சி. காதில் விழாதவர் பதிலுக்கு ஜோக் அடிக்க மாட்டார். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எல்லோரும் அந்த ஜோக்குக்கும் சேர்த்துச் சிரிக்கிறார்கள்.

என் பக்கத்துத் தப்பையும் எழுதிவிடுகிறேன். கொத்தனாரிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் பஸ்ஸை விட்டிருக்கலாம். ஒரு சொல்லுக்குப் பதிலாக இரண்டு சொல் எழுதியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை.

திங்களும் செவ்வாயும் எனக்கு வகுப்பு. வீடு திரும்பும்போது இருட்டிவிடும். அந்த இரண்டு நாளும் சாரம் கட்டி, சுவரைச் சுரண்டிக் கழுவினார்களாம். ஓட்டைகளையும் பக்கத்திலிருந்த என் எழுத்தையும் மட்டும் தொடாமல் விட்டார்களாம். புதன்கிழமை வகுப்பு இல்லை. ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். பூச்சு வேலைக்காக மாமா அந்த வாரம் முழுவதும் விடுப்பு. முன்வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நான் நேராகப் பின்பக்கம் போனேன்.

சுவர் முழுவதும் பூசியாகிவிட்டது. ஈரச் சாம்பல் நிறம், கண்ணாடி மாதிரி மழமழவென்று. சாரத்தைக்கூடப் பிரித்துவிட்டார்கள். அந்தச் சுவரில் ஒன்பது ஓட்டைகள். சாதாரண ஓட்டைகள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கமும் ஓரம் பிடித்து, மூலை எடுத்து, மட்டம் பார்த்து, ஒன்பது அழகான சதுரங்கள். கீழே ஐந்து. மேலே நான்கு. மேல் வரிசையில் நாலாவது இடம் மட்டும் வெறும் சுவர்.

மோட்டாருக்குப் போகும் கம்பியில் அதன் ஜோடி, ஆண் ஆந்தை, உட்கார்ந்திருந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் அது அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிறீச், கிறீச் என்று கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கொத்தனார் தொட்டியடியில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வேலை சுத்தம், பேச்சும் அப்படித்தான். அவருக்குக் கலவை எடுத்துக்கொடுக்கும் சித்தாள் அக்கா சாந்துச் சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல நாலாவது ஓட்டை எங்க?"

"அடைச்சாச்சும்மா. அரைச் செங்கல் வெச்சு, சுத்தியும் கலவை போட்டு, மேல பூசி, கும்முனு இருக்கு. யானை வந்து முட்டினாலும் அசையாது."

"ஏண்ணே அடைச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே எழுதி வெச்சிருந்தீங்க? அடைன்னு."

எனக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. "அப்ப மத்ததெல்லாம்?"

"காலின்னு போட்டிருந்துச்சு, காலியா விட்டுட்டேன். சும்மா விடல, எட்டுக்கும் ஓரம் பிடிச்சு விட்டிருக்கேன். இடுப்பு கழண்டுபோச்சு. காத்துக்கா இத்தனை ஓட்டை? நானும் இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சுவர் பூசினதில்ல."

"பார்னு ஒண்ணு இருந்துச்சே?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"ஒண்ணுமில்ல உள்ள. பாக்கத்தானே சொன்னீங்க? அதுக்கும் ஓரம் பிடிச்சுட்டேன், ஒண்ணு மட்டும் மொட்டையா நிக்க வேணாம்னு."

சித்தாள் அக்கா கைச்சட்டியை டொம்மென்று வைத்தார். "நான் அப்பவே சொன்னேன். உள்ளார ஏதோ டக்கு டக்குங்குதுன்னு. இவருதான் காரை உதிருதுன்னாரு."

"காரைன்னுதான் நெனச்சேன். என்னது அது, எலியா?"

"ஆந்தைண்ணே. அடைகாத்துக்கிட்டிருக்கு. அதுக்குத்தான் அடைன்னு எழுதினேன்."

கரணை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் எடுக்கவில்லை. "ஐயய்யோ. எனக்கென்னம்மா தெரியும்? அடைன்னா அடைன்னுதானே..." நிறுத்தினார். "சார்கிட்டயும் கேட்டேனே! இந்த அடைன்னா என்னன்னு கேட்டேன். போன்ல இருந்தாரு."

"எழுதியிருக்குல்ல, எழுதினபடி செய்யுங்கன்னு கையைக் காட்டினாரு," என்றார் சித்தாள் அக்கா, அதே மாதிரி கையை வீசிக்காட்டி. ஈ ஓட்டுவது போல இருந்தது.

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணரை இருக்கும்."

ஐந்தே முக்கால் மணி நேரம். ஒரு அடி ஆழமுள்ள ஓட்டைக்குள்.

நான் மாமாவைக் கூப்பிட்ட குரலில் அம்மாவும் அக்காவும்கூட ஓடிவந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். கொத்தனாரும் சொன்னார். மாமா முதலில் ஒன்பது சதுரங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். புன்னகை இல்லை. தொடையைத் தட்டிக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கி.

"அடைன்னு எழுதியிருக்கா! சுவத்துல! கொத்தனாருக்கு! அப்புறம் ஏன் அடைச்சீங்கன்னு கேக்கறா!"

அக்காவும் சிரித்தாள். அம்மா கையால் வாயை மூடிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. சித்தாள் அக்கா கீழே பார்த்துக்கொண்டார். எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அந்த நொடியில்தான் கம்பியிலிருந்த ஆந்தை மறுபடி கத்தியது. நாங்கள் எல்லோரும் அதன் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

"உள்ள உயிரோட இருக்கு," என்றேன். "உடைக்கணும். இப்பவே."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "எதை?"

"சுவரை."

"இப்பத்தானே பூசிருக்கு!"

"அதான் உடைக்கச் சுலபம்."

"ஆறு மணி நேரமா மூடிக் கிடக்கு. இதுக்குள்ள போயிருக்கும். போனதுக்காகப் புதுச் சுவரை உடைக்கணுமா? கொத்தனார், நீங்களே சொல்லுங்க."

கொத்தனார் சங்கடமாகச் சுவரைப் பார்த்தார். "இப்பத் தட்டினா சுத்தி நாலடி பொளந்துக்கும்மா. பச்சைப் பூச்சு. நாளைக்குக் காலைல இறுகினதும் நேக்கா வெட்டித் தர்றேன்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்கு நியாயமாக இருந்தது.

ஏணியைச் சாத்தி ஏறிக் காதை வைத்துப் பார்த்தேன். ஈரச் சிமெண்ட் காதில் ஒட்டியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. டக் இல்லை. ஒன்றுமில்லை.

"கேக்குதா?" என்றார் மாமா.

"இல்ல."

"அதான் சொன்னேன்."

அந்த இடத்தில் நான் இறங்கியிருப்பேன். உண்மையைச் சொன்னால், ஒரு படி இறங்கிவிட்டேன். அவர் சொல்வது சரியாக இருக்கலாம், நான்தானே அந்தச் சொல்லை எழுதினேன், இனி என்ன கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்றெல்லாம் ஓடியது. அப்போது மாமா அக்காவைப் பார்த்துச் சொன்னார், தாழ்ந்த குரலில்தான், ஆனால் என் காதில் விழுந்தது: "தேரைக்கும் இப்படித்தான் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா. ரெண்டு நாள்ல சரியாயிடுவா."

நான் ஏணியிலேயே திரும்பினேன்.

"மாமா, ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னப்ப சொந்தக்காரங்க ஜோக் அடிச்சீங்களே, எதுக்கு அடிச்சீங்க?"

"என்ன ஜோக்?"

"ஆந்தை அடைகாக்குது, அந்த ஓட்டையைத் தொடக்கூடாது, ரெண்டு மாசம் ஆகும்னேன். சொந்தக்காரங்களே அவ்ளோ நாள் தங்க மாட்டாங்கன்னீங்க. திங்கக்கிழமை, ஏழரைக்கு. காதுல விழாமலா சொன்னீங்க?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது. "என்னங்க, அவ உங்ககிட்ட சொன்னாளா?"

"ஏதோ சொன்னா. காலைல ஆயிரம் சொல்லுவா. எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்க முடியுமா?"

"ஞாபகம் வெச்சிருக்க வேணாம். கொத்தனார் கேட்டப்ப போனை ஒரு நிமிஷம் கீழ வெச்சிருந்தா போதும். அதுக்கும் முடியல. தேரையோட வாசல்ல சிமெண்டு போட்டீங்க, பல்லியை வலைக்குள்ள விட்டீங்க, ஒவ்வொரு தடவையும் நான் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் ம்னீங்க. ம்னா சரின்னு அர்த்தமா, வாயை மூடுன்னு அர்த்தமா? நான் எழுதின சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு சிரிச்சீங்கல்ல, உங்க சொல்லுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் வாயைத் திறந்தார். அதைக் கேட்க நான் நிற்கவில்லை. இறங்கித் தொட்டியடியில் கிடந்த சுத்தியலையும் கரணையையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

"ஏம்மா, ஏம்மா! கரணையால உடைக்கக் கூடாதும்மா!" கொத்தனார் பதறிக்கொண்டு வந்தார். கலவை பூசும் கரணை நுனி மழுங்கினால் அவருக்கு உயிர் போன மாதிரி. "அதைக் குடுங்க. இறங்குங்க. நீங்க தட்டினா சுவரோட ஆந்தையும் போயிடும். நானே எடுக்கறேன்."

"நாளைக்குன்னீங்க."

"இறங்குங்கன்னா."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு உளியோடு ஏறினார். அம்மா ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாப்பிள்ளை, இந்தப் பக்கம் ஆடுது. வந்து பிடிங்க."

மாமா வந்து பிடித்தார்.

கொத்தனார் உளியை ஓங்கித் தட்டவில்லை. ஈரப் பூச்சைத் தோசை திருப்புவது மாதிரி அடியில் கொடுத்து நெம்பி நெம்பி எடுத்தார். அவர் சொன்னபடியே சுற்றிலும் பிளந்துகொண்டது; பெரிய துண்டாக ஒன்று பெயர்ந்து மாமாவின் தோளில் விழுந்தது. "பாத்து, பாத்து, ஓரமா," என்றார் மாமா. செங்கல் தெரிந்ததும் கொத்தனார் நின்றார்.

"தள்ளினா உள்ள போய் நசுக்கிடும். வெளிய இழுக்கணும்." சித்தாள் அக்கா சொல்லாமலே இரண்டு நீள ஆணிகளை எடுத்து நீட்டினார். செங்கலின் இரண்டு பக்கமும் கலவையைக் குடைந்து, ஆணிகளைக் கொக்கி மாதிரி கொடுத்து, அரை அங்குலம், இன்னும் அரை அங்குலம். அவர் முதுகு முழுக்க வியர்வை. செங்கல் வெளியே வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

"நீங்க பாருங்கம்மா. நான் பாக்க மாட்டேன்."

ஏறினேன். டார்ச் வெளிச்சத்தில் முதலில் தூசுதான் தெரிந்தது. பிறகு பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாம்பல் உருண்டை. கண் மூடியிருந்தது. சிறகெல்லாம் சிமெண்ட் பொடி. கையை நுழைத்தேன். என்ன எதிர்பார்த்து நுழைத்தேன் என்று தெரியவில்லை. குளிர்ந்துபோன ஒன்றை எடுத்து அவர்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கண் திறந்தது. மஞ்சள். அடுத்த நொடி என் கட்டைவிரலை ஆழமாகக் கடித்துவிட்டது. "ஆ!" என்று நான் அலறியதைக் கேட்டுக் கீழே அம்மா, "இருக்கா? இருக்காடி?" என்றார்.

"இருக்கும்மா!"

விரலில் ரத்தம் வந்தது. அது என்னை முறைத்தது. அதைவிடக் கோபமாக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் அதற்கும் நடுவில் பேச ஒன்றுமில்லை. அது சொல்ல நினைத்ததெல்லாம் நியாயம்.

செங்கலைச் செருகியபோது கலவை உள்ளே விழுந்திருந்தது. கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன், அது ஒவ்வொரு தடவையும் அலகைத் தட்டியது. கடைசிக் கட்டியைத் தூக்கியபோது ஏதோ சேர்ந்து வந்தது. வெள்ளை ஓடு, பாதி. மிச்சம் கலவைக்குள் அப்பியிருந்தது. ஆந்தைக்குக் கீழே இப்போது மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றுதான். அந்தக் கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

எல்லோரும் வேப்பமரத்தடி வரை தள்ளிப் போய் நின்றோம். பெண் ஆந்தை வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியிலிருந்த ஆண் இறங்கி வந்தது. அது சுவருக்கு வந்த விதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குத் தெரிந்த சுவர் அங்கே இல்லை. முதல் சதுரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. பறந்து கம்பிக்குப் போனது. திரும்பி வந்து இரண்டாவதில் பார்த்தது. பிறகு மூன்றாவது. பிறகு கீழ் வரிசை, ஒவ்வொன்றாக. கொத்தனார் இடுப்பு நோகப் பிடித்த அத்தனை ஓரத்திலும் உட்கார்ந்து பார்த்தது. வாசல் எது என்று தெரியாமல் தன் வீட்டுச் சுவரில் அது அலைந்ததைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஆறு பேர் நின்றோம். யாரும் சிரிக்கவில்லை.

உடைந்த ஓட்டைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ஆண் நின்றது. கழுத்தைத் திருப்பியது. பிறகு பெயர்ந்த பூச்சின் விளிம்பில் கால் வழுக்க வழுக்கத் தொற்றி உள்ளே நுழைந்தது.

"அப்பாடா," என்றார் சித்தாள் அக்கா. கொத்தனார் சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்த ஒன்பதையும் நாளைக்கு வந்து மூடறேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இருக்கும்போது," என்றார்.

மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. தோளிலிருந்த சிமெண்டைத் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். சமாதானக் குரல். "பாத்தியா? இதுக்குப் போய் அந்தக் கத்து கத்தினியே. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு சேதாரமும் இல்ல."

"கையை நீட்டுங்க மாமா."

"எதுக்கு?"

"நீட்டுங்க."

ஆணி ஏதோ தரப்போகிறேன் என்று நினைத்திருப்பார். நீட்டினார். பைக்குள்ளிருந்த கலவைக் கட்டியை எடுத்து, ஓடு மேலே தெரிகிற மாதிரி திருப்பி, அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். புரிய ஒரு நொடி ஆயிற்று. கீழே போடவும் முடியவில்லை, திருப்பித் தரவும் முடியவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

"இதை நான் என்ன பண்றது?" என்றார்.

விரலைக் கழுவத் தொட்டியடிக்குப் போனேன். கழுவி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அவர் அங்கேயே, கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.